கொள்ளுத்தாத்தா யாரென்று தெரியவில்லை, டிஎன்ஏ டெஸ்ட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

வேர்தேடி:
என் தாத்தாவின் (அப்பாவின் அப்பா) தகப்பனார் யார் என்ற இடத்தில் மொத்தத் தேடலும் நிற்கிறது. தாத்தாவின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. திருமணப் பதிவில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் ஒருவர் இருந்ததற்கு வேறு எங்கும் தடயமே இல்லை. சரி என்று டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன். எங்கள் பூர்வீகத்தில் 11%, குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத ஒரு நிலப்பகுதியைச் சேர்ந்தது என்று வந்திருக்கிறது, அதோடு 212 சென்டிமார்கன் (இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) பொருந்தும் ஒருவரும் உறவுப் பட்டியலில் இருக்கிறார். அந்த 11 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு போகலாமா? அப்பாவின் கூடப்பிறந்த அத்தை இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கும் எடுக்க வேண்டுமா?

கிளைவழி:
முதலில் அத்தைக்கு எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தாத்தாவின் டிஎன்ஏவில் உங்களுக்கு வந்திருப்பது ஏறத்தாழ கால்வாசிதான், அத்தையிடம் சரிபாதி இருக்கிறது. உங்கள் பட்டியலில் தலைகாட்டாத உறவுகள்கூட அவர் பட்டியலில் வருவார்கள். வயதானவர்களுக்குக் குழாய் நிறைய எச்சில் துப்புவது கஷ்டம், அதனால் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் கிட் வாங்குங்கள்.

சதவீதத்தை விடுங்கள். அது அந்த நிறுவனம் வைத்திருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு, அடுத்த அப்டேட்டில் மாறலாம். 212தான் முக்கியம். இரண்டுவிட்ட சகோதரர்கள் சராசரியாகச் சுமார் 230 பகிர்வார்கள், அவர்களுக்குப் பொதுவானவர்கள் கொள்ளுத்தாத்தா பாட்டி, அதாவது நீங்கள் தேடும் அதே தலைமுறை. உங்கள் தாத்தாவுக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த சகோதரர் ஒருவர் இருந்து, அவருடைய பிள்ளையாக இவர் இருந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும்! அத்தையோடும் இவர் பொருந்துகிறாரா, பாட்டியின் உடன்பிறந்தோர் வழியில் யாரையாவது டெஸ்ட் எடுக்க வைத்தால் அவரோடு பொருந்தாமல் போகிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தாத்தா பக்கம்தான் என்று கிட்டத்தட்ட நம்பலாம், அப்புறம் அது அவருடைய அம்மா வழியா அப்பா வழியா என்பதைத்தான் பிரிக்க வேண்டும்.

நீங்கள் ஆண் என்றால் ஒய் டெஸ்ட்டும் எடுக்கலாம். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கிட்டத்தட்ட அப்படியே இறங்குவது, உங்கள் கேள்வியும் அதே நேர்கோட்டில்தான் இருக்கிறது.

பதிவேடு:
டிஎன்ஏ உறவைச் சொல்லும், பெயரைப் பதிவேடுதான் சொல்லும். திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார்? தகப்பன் இல்லாத திருமணத்தில் நெருங்கிய உறவினர் சாட்சியாக வருவதுண்டு, அவர்களையும் தேடுங்கள். இறப்புப் பதிவில் தகவல் கொடுத்தவர் பெயரும் அப்படித்தான். பெயர் அட்டவணையை மட்டும் நம்பாமல் மூலப் பக்கத்தின் படத்தையே திறந்து பாருங்கள், எழுத்துப்பிழையால் காணாமல் போன ஆட்கள் ஏராளம். தகப்பன் பெயரை ஒப்புக்காக இட்டுக்கட்டி எழுதிய பதிவுகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

நிலாமுற்றம்:
ஒன்று கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே திருமணம் செய்த குடும்பமா? அப்படியானால் 212 என்பது பல பழைய உறவுகள் சேர்ந்து காட்டும் கூட்டுத்தொகையாக இருக்கலாம். உங்கள் இருவருக்கும் தொடர்ச்சியாகப் பொருந்தும் டிஎன்ஏ துண்டுகளில் மிக நீளமானது எவ்வளவு என்று பாருங்கள். எல்லாமே எட்டு, பத்து சென்டிமார்கன் துண்டுகள் என்றால் உறவு ரொம்பப் பின்னால் இருக்கிறது.

அத்தையிடம் முழுதாகச் சொல்லிவிட்டு எடுங்கள். அவருடைய தாத்தாவைப் பற்றிய விஷயம் இது, என்ன வரலாம் என்று தெரிந்துகொண்டு சம்மதிக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

வேர்தேடி:
நன்றி. உறவுக்குள் திருமணம் அப்பா வழியில் எனக்குத் தெரிந்து இல்லை. நீளமான துண்டு 48 காட்டுகிறது. நான் ஆண்தான், ஒய் டெஸ்ட்டுக்கும் சேர்த்து ஆர்டர் போடுகிறேன். சாட்சிகள் இருவரில் ஒருவரின் குடும்பப்பெயர் அந்த 212 நபரின் குடும்ப மரத்திலும் இருக்கிறது, இன்றிரவே அவருக்கு எழுதுகிறேன்.