இரவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து கேள்வி:
பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். இரவு முழுவதும் ஒருவனாக அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நேற்று அலாரம் அடித்தும் எழாமல் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், முதுகின் அடியில் எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. எண்ணெய் தேய்த்துவிடலாம் என்கிறார் பெரியம்மா. ஏர் பெட் வாங்கிவிட்டால் புரட்ட வேண்டியதில்லையா?

தர்மபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்தியும் வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமலும் போகும் என்பதால், சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். அங்கே எதையும் தேய்க்க வேண்டாம். உள்ளே நலிந்திருக்கும் சதை தேய்த்தால் மேலும் கெடும். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, புரட்டும் வேலையை நீக்காது.

முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குப் பின்னே தலையணை வைத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துக் குதிகால் படுக்கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். நள்ளிரவில் தண்ணீர் கேட்டால் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும்போது இருமினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:
அப்பாவை இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன், இரவை ஒருவரே சுமக்க முடியாது. இரண்டு மணி வரை நான், அதற்குப் பிறகு என் மனைவி என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் இருவருமே தூங்கினோம். மார்கழிக் குளிரில் கம்பளியை மேலே மேலே போர்த்திவிட்டு அடியில் ஈரம் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு முறை ஏமாந்திருக்கிறோம்; ஒவ்வொரு முறை புரட்டும்போதும் விரிப்பின் மேல் கையை விட்டுப் பாருங்கள். எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
அழுத்திப் பார்த்தேன், வெளிறி மீண்டும் சிவக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். பெரியம்மாவுக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் இரண்டு மணிக்கு மேல் தான் விழித்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார்.