வில்கின்சன் தன் உடம்பைத் தானே வீணடித்தாரா?

வெள்ளைச்சட்டை:
இங்கிலாந்து ரக்பி வீரர் ஜானி வில்கின்சன் என்றாலே எல்லோரும் 2003 நவம்பர் 22, சிட்னி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, நானும் அங்கிருந்தே வருகிறேன். ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. அரை நிமிடம்கூட மிச்சமில்லை. இடதுகால்காரரான அவர் வலதுகாலால் டிராப் கோல் அடித்தார் (பந்தைக் கீழே விட்டு, தரையில் பட்டு எழும்போது உதைப்பது; 3 புள்ளி). 20-17. அப்போது அவருக்கு வயது 24.

அடுத்து இங்கிலாந்துக்காக அவர் களமிறங்கியது எப்போது? 2007 பிப்ரவரி 3. நடுவே 1,169 நாள்! கழுத்து நரம்புக்கு அறுவை சிகிச்சை, மேல்கைத் தசையில் ரத்தக்கட்டு, முழங்கால், மறுபடியும் முழங்கால், குடல்வால், கிழிந்த சிறுநீரகம். 2004 அக்டோபரில் கேப்டன் என்று அறிவித்தார்கள். அந்த ரத்தக்கட்டால் நவம்பர் ஆட்டங்களுக்கே வர முடியவில்லை.

இதை விதி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபிளை ஹாஃப், அதாவது பத்தாம் நம்பர் சட்டைக்காரர், ஆட்டத்தை நடத்துகிறவர். 110 கிலோ ஆளை மோதிச் சாய்க்க முன்களத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்தாம் நம்பர்களில் பாதிப் பேர் டாக்கிள் (பந்தோடு வருகிறவரைப் பிடித்துச் சாய்ப்பது) வரும்போது நாசூக்காக ஒதுங்கிவிடுவார்கள். இவர் ஓடிப்போய் மோதினார். காயத்தைத் தேடிப்போனவர் இவர்தான். நல்ல வயதில் மூன்று வருடத்தை வீணடித்ததும் இவர்தான். மறுக்கிறவர்கள் வரலாம்.

பந்துபொறுக்கி:
வந்துவிட்டேன். முதலில் ஒரு சந்தேகம்: குடல்வால் வீங்கினதுக்கும் டாக்கிளுக்கும் என்ன சம்பந்தம் அண்ணா? பட்டியல் நீளமாக இருக்கட்டும் என்று சேர்த்தீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். 2000-ல் பாரிஸில் பிரான்ஸ் வீரர் எமில் ந்தாமாக்கை அவர் சாய்த்த காணொளியைப் பாருங்கள். ந்தாமாக் ஓடிவந்த வேகத்தோடு பின்னால் போய் விழுகிறார். இது வெறும் வீராப்பு இல்லை. பத்தாம் நம்பர் ஒதுங்குகிறவர் என்று தெரிந்தால், எதிரணி தன்னிடம் இருப்பதிலேயே பெரிய ஆளை அந்த வழியாகத்தான் அனுப்பும். அவருக்கு முட்டுக்கொடுக்க ஃபிளாங்கர் (முன்கள எட்டில் ஓரத்து ஆள்) உள்ளே வர வேண்டும், வந்தால் வெளியே ஓட்டை விழும். இங்கிலாந்துக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. 2003 கோப்பையில் அந்த டாக்கிள்களுக்கும் பங்கு உண்டு. ஒன்றை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது.

மலைநாட்டான்:
நான் கண்டி. எங்கள் ஊரில் றக்பி என்றால் மழையில்கூட மைதானம் நிரம்பும். பள்ளிக்கூட அணியில் நானும் பத்தாம் நம்பர்தான், ஆகவே இந்தக் கழுத்து நரம்பு விவகாரம் என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன்.

தோளால் மோதும்போது தோள் கீழே அழுந்தி, தலை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டால், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கொத்து இழுபடும். ஸ்டிங்கர் என்போம். கொதிக்கிற நீரைத் தோளிலிருந்து விரல்நுனி வரை ஊற்றினது போல ஒரு எரிச்சல், அடுத்த நொடி கை செத்துவிடும். எனக்கு அப்படி வந்த அன்று ஆட்டம் முடிந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன. தம்பிதான் கழற்றிவிட்டான். அன்றைக்குப் பயிற்சியாளர் சொன்னது: "உதறிவிட்டுப் போடா, சரியாகிவிடும்." சரியானது. அடுத்த மாதம் திரும்ப வந்தது. மூன்றாவது தடவையோடு அம்மா காலணியை ஒளித்துவிட்டார்.

வில்கின்சனுக்கு இது எத்தனை தடவை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2005-ல் லயன்ஸ் அணியோடு (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த அணி) நியூசிலாந்து போனபோதும் இரண்டாம் டெஸ்டில் இதே ஸ்டிங்கரோடுதான் வெளியே வந்தார். உதறிவிட்டுப் போ என்று சொன்னவர்களை விட்டுவிட்டு மோதினவனை மட்டும் பிடிப்பது நியாயமில்லை.

வெள்ளைச்சட்டை:
குடல்வாலைத் திரும்பப் பெறுகிறேன் தம்பி. அது என் தப்பு.

மலைநாட்டான் ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் கையே கூசியது. ஆனால் உங்களுக்குக் காலணியை ஒளிக்க அம்மா இருந்தார். அவருக்கு யாரும் இருக்கவில்லை என்றுதான் நானும் சொல்கிறேன். மோதல் மட்டுமில்லை, பயிற்சியும் அப்படித்தான். எல்லோரும் குளித்து வீட்டுக்குப் போனபிறகும் மணிக்கணக்கில் உதைப்பார். பதற்றத்தையும் மன அழுத்தத்தையும் பற்றி அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கோப்பையை வென்ற பிறகும் மனசு நிறையவில்லை என்றவர் அவர். அப்படிப்பட்டவரின் உடம்பு எப்போது ஓய்வெடுக்கும்?

எண்கணக்கு:
பயிற்சி என்றதும் நியூசிலாந்தின் பத்தாம் நம்பர் டான் கார்ட்டர் ஞாபகம் வருகிறார். 2011 உலகக் கோப்பை, சொந்த நாடு. கனடா ஆட்டத்துக்கு முந்தின நாள், கிட்டே ஓர் எதிராளிகூட இல்லாமல், சும்மா உதைத்துப் பழகும்போது தொடை இடுக்கில் தசைநார் அறுந்தது. கோப்பையே போச்சு அவருக்கு. கடைசியில் நாலாவது தேர்வாக வந்த ஸ்டீபன் டொனால்ட் அடித்த பெனால்டியில் 8-7 என்று நியூசிலாந்து ஜெயித்தது. ஒதுங்கி ஆடினாலும் உடம்பு விடாது. கார்ட்டர் 2015-ல் திரும்பி வந்து கோப்பையைத் தூக்கினார், 1,598 புள்ளியோடு முடித்தார். வில்கின்சன் 1,246, லயன்ஸ் ஆட்டங்களையும் சேர்த்து.

அந்த மூன்று வருடம் ஆடியிருந்தால் 1,600 தாண்டியிருப்பாரா என்று கேட்காதீர்கள். அது கணக்கு இல்லை, ஜோசியம்.

பந்துபொறுக்கி:
"வீணடித்தார்" என்கிற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. 2007-ல் திரும்பி வந்த அன்றே ஸ்காட்லாந்துக்கு எதிராக 27 புள்ளி. அந்த வருட உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்துக்கு முன்பே கணுக்கால் பிசகியது. ஆனாலும் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 12-10 என்று அனுப்பினார்கள், அந்தப் பன்னிரண்டும் இவர் உதைத்தது. இறுதி ஆட்டம் வரை போய் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றார்கள். 2008-ல் முழங்கால் சில்லு நழுவியது. முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

2009-ல் 30 வயதில் பிரான்ஸில் தூலோன் கிளப்புக்குப் போனார். 2013-ல் ஹைனகன் கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளுக்கானது), கிளெர்மானை 16-15. 2014-ல் மறுபடியும். கடைசி ஆட்டம் 2014 மே 31, பிரெஞ்சு லீக் இறுதி. காஸ்த்ரை 18-10 என்று வென்றதில் 15 புள்ளி இவருடையது. 35 வயது. உடம்பை வீணடித்தவன் முடிக்கிற விதமா இது?

கிழக்குவாசல்:
எல்லோரும் கையையும் காலையும் எண்ணுகிறீர்கள். சிட்னியில் அந்த டிராப் கோலுக்கு முன் லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை, வரிசையாக நிற்கும் இரு அணிக்கும் நடுவே எறிவது) பந்தைக் கடைக்கோடியில் நின்ற லூயிஸ் மூடிக்கு எறிந்தது யார்? ஸ்டீவ் தாம்ப்சன். 2007-ல் கழுத்துக் காயத்தால் ஓய்வு அறிவித்தார். அதே வருடம் திரும்பி வந்து 2011 உலகக் கோப்பை வரை ஆடினார். அவரும் இப்படித்தான், "திரும்பி வந்த மாவீரன்".

2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு டிமென்ஷியா (நினைவு அழியும் மூளை நோய்) என்று சொன்னார். அந்த உலகக் கோப்பை ஆட்டங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லையாம். தான் எறிந்த பந்தைக் காணொளியில் பார்க்கும்போது வேறு யாரோ எறிகிற மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், அந்த 1,169 நாள் வில்கின்சனின் தலையைக் காப்பாற்றியிருக்கலாம்.

எண்கணக்கு:
இதுவும் ஜோசியம்தான் ஐயா. ஆனால் மறுக்க மனசு வரவில்லை.

மலைநாட்டான்:
தாம்ப்சன் போன்ற ஹூக்கர்கள் ஸ்க்ரம் (இரு அணியின் முன்கள எட்டுப் பேரும் கோத்துக்கொண்டு தள்ளுவது) நடுவில் கழுத்தைக் கொடுத்து நிற்கிறவர்கள். ஒதுங்க இடமே கிடையாது. பத்தாம் நம்பருக்காவது ஒதுங்கும் வசதி இருந்தது, அதை அவர் வேண்டாம் என்றார். அந்த மட்டில் வெள்ளைச்சட்டை சொல்வதில் ஏதோ இருக்கிறது.

வெள்ளைச்சட்டை:
தலைப்பில் "வீணடித்தாரா" என்பதை மாற்ற இந்தத் தளம் விடவில்லை. விட்டிருந்தால் எடுத்திருப்பேன், தூலோனுக்காக. "தானே" மட்டும் அப்படியே இருக்கும்.

பந்துபொறுக்கி:
அதற்கு நாளைக்கு வருகிறேன் அண்ணா. இப்போது ந்தாமாக் காணொளியை இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன்.