எஞ்சின் மாற்றும்போது வயரிங் லூம்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

வண்டியின் மின்கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுதியை ஆங்கிலத்தில் வயரிங் ஹார்னஸ் என்றும் லூம் என்றும் சொல்கிறார்கள். அதற்கு நீங்கள் தந்த ‘கம்பிச்சேணம்’ என்ற சொல்லை நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. ஹார்னஸ் என்பதற்குக் குதிரைப் பூட்டு என்ற பொருளும் இருப்பதால் சேணம் வந்திருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பட்டறைகளில் ஹார்னஸ் என்று யார் சொல்கிறார்கள்? சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் என்ற நம் பகுதிகளில் எல்லாருக்கும் அது ‘லூம்’தான். அதை மொழிபெயர்த்தால் தறி என்று ஆகிவிடும். இரண்டு ஆங்கிலப் பெயரையும் மறந்துவிட்டு, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெயர் வைப்போம்.

வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளுக்காகத்தான் எஞ்சின் மாற்றுவது பற்றிய இந்தக் கையேட்டை எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவாரம் பாடத் தெரியும், காவடிக்குப் பாட்டுத் தெரியும். கோயிலை விட்டு வெளியே வந்தால் தமிழுக்கு வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். காரைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சில் பாதியாவது தமிழில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு டொயோட்டா டாஸ் 130 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெற்கே புரோஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை செய்த வண்டி. 1.3 லிட்டர் 2இ எஞ்சின், கார்புரேட்டர். எஞ்சினுக்குப் போகும் கம்பிகள் கொஞ்சம்தான்: ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், வெப்ப முள், ஆயில் விளக்கு, இப்படிச் சில. அதை இறக்கிவிட்டு 20 வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினை ஏற்றுவதுதான் நம் பையன்களின் கனவு. 1990களில் இங்கே விற்ற கரோலா ஆர்எஸ்ஐ, ஆர்எக்ஸ்ஐ வண்டிகளில் வந்த எஞ்சின் அது, 1.6 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் நான்கு தனித்தனி. செயின் பிளாக்கும் இரண்டு ஆளும் இருந்தால் எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிடும். வண்டி மாதக்கணக்கில் நிற்பது வயரிங்கில்தான்.

ஏனென்றால் புது எஞ்சினுக்கு ஒரு ஈசியு உண்டு, எஞ்சினை நடத்தும் சிறு கணினி அது. அதற்குப் பேட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் மின்சாரம் ஒன்று வேண்டும். சாவியைத் திருப்பினால் மெயின் ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாக வருவது இன்னொன்று. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது என்று சொல்ல ஒரு கம்பி, எரிபொருள் பம்பின் ரிலேயை இயக்க ஒரு கம்பி. பழைய எஞ்சினில் பம்பை எஞ்சினே ஓட்டியது. இப்போது மின் பம்பு, அதற்கு ஃபியூஸ், ரிலே, பின்னால் டாங்க் வரை தடித்த கம்பி எல்லாம் புதிதாக ஓட வேண்டும். வெப்ப முள்ளுக்கு ஒற்றைக் கம்பிச் சென்சார். ஈசியுவுக்கு இரட்டைக் கம்பிச் சென்சார், அது வேறு. இரண்டு சென்சார் எதற்கு என்று ஒன்றில் சேர்த்துக் கட்டினால் ஈசியு தவறான வெப்பத்தைப் படித்துத் தவறான அளவில் பெட்ரோல் விடும்.

இன்னொன்றும் கேளுங்கள். இந்த எஞ்சினில் வெள்ளி மூடி, கறுப்பு மூடி என்று இரண்டு வகை. வெள்ளியில் உள்ளே போகும் காற்றைத் தகடு வைத்து அளக்கும் காற்றளவி உண்டு. கறுப்பில் அது இல்லை, காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் படிக்கும் சென்சார்தான். ஒன்றின் ஈசியுவை மற்றதன் வயரிங்கில் செருகினால் வேலை செய்யாது. எஞ்சின், ஈசியு, லூம் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். குழுவில் வந்த ‘கம்பிக்கற்றை’ அழகான சொல். ஆனால் ஒளிக்கற்றை, கூந்தல் கற்றை என்று பாருங்கள்: ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாம் சேர்ந்தே போவதைத்தான் கற்றை என்கிறோம். லூம் அப்படியல்ல. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு ஒரு கிளை, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு கிளை, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு செருகி. அதைக் கொத்து என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. வடம் என்பதை வைத்து ‘வடக்கொத்து’ என்றால் வடக்குத் திசை நினைவுக்கு வரும். ‘கம்பிக்கொத்து’ என்றால் கையில் தூக்கிப் பிடித்தது போலவே இருக்கிறது. கற்றையை அந்தத் தண்டுப் பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்துவிட்டது, வினையில்தான் எனக்குப் பெரிய கவலை. எஞ்சினை மாற்றுகிறோம், சரி. அடுத்த வரியில் ‘கம்பிக்கொத்தை மாற்று’ என்று எழுதினால் பிள்ளை என்ன புரிந்துகொள்வான்? மாற்று என்பது தமிழில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதும்தான், உள்ளதைத் திருத்துவதும்தான். வண்டியின் உடலோடு வந்த கொத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹெட்லைட்டும் இல்லை, வைப்பரும் இல்லை. அது அங்கேயே இருக்க வேண்டும். எஞ்சினோடு வந்த கொத்தை அதனோடு சேர வைப்பதுதான் வேலை. இதற்குக் ‘கொத்துப் பொருத்தம்’ என்று பெயர் வைக்கலாமா? முதலில் தாளில் இரண்டு வண்டியின் வயரிங் படத்தையும் வைத்து ஒவ்வொரு முனையாகப் பொருத்தம் பார்க்கிறோம், ஜாதகம் பார்ப்பது போல. பொருத்தம் பார்க்காமல் கம்பியை வெட்டக்கூடாது.

வெட்டாமலே செய்யும் வழியும் உண்டு. ஒரு பக்கம் பழைய வண்டியின் செருகி, மறுபக்கம் புது எஞ்சினின் செருகி, நடுவில் ஒரு முழம் கம்பி. இதை ‘இடைக்கொத்து’ என்கிறேன். நாளைக்கே பழைய எஞ்சினைத் திருப்பி ஏற்ற வேண்டுமென்றாலும் வண்டி சேதமில்லாமல் இருக்கும். பிள்ளைகள் இந்த வழியையே கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

---

தம்பிக்கு,

சேணத்தை விட்டுவிடுகிறேன். கம்பிக்கொத்து நல்ல சொல், இடைக்கொத்து அதைவிட நல்ல சொல். கேட்டவுடன் என்ன பொருள் என்று எனக்கே புரிந்தது.

‘பொருத்தம்’ மட்டும் இடிக்கிறது. பொருத்தம் என்பது நிலை, செயல் அல்ல. செயலாக்கினால் ‘பொருத்து’ என்று வரும். அது போல்ட்டைப் பொருத்து, பல்பைப் பொருத்து என்று மாட்டுகிற வேலைக்குப் போய்விட்டது. இணங்கு என்பதன் பிறவினையான ‘இணக்கு’ இருக்கிறதே? வேறு வேறாக இருக்கும் இரண்டை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகச் செய்வதுதான் இணக்குதல். கணினிக்காரர்கள் இணக்கம் என்ற சொல்லை ஏற்கெனவே புழங்குகிறார்கள். ‘கொத்து இணக்கம்’ என்று வைத்துப் பார். பொருத்தம் பார்த்தலைத் தாளில் செய்யும் முதல் வேலைக்கு வைத்துக்கொள்.

---

ஐயா,

நீங்கள் சொன்னது சரி. கையேட்டின் வரிகளில் போட்டுப் பார்த்தேன்: “எஞ்சினை மாற்று. உடற்கொத்தைத் தொடாதே. எஞ்சின் கொத்தை உடற்கொத்தோடு இணக்கு.” குழப்பமே இல்லை. அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கம்பிகளைச் சேர்க்கும் இடத்துக்கு ‘சூட்டிணைப்பு’, ‘நெரியிணைப்பு’ என்று இரண்டு சொல் எழுதியிருக்கிறேன். ஈயம் உருக்கி ஒட்டுவது முதலாவது, கிரிம்ப் கருவியால் நெரிப்பது இரண்டாவது. ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி விறைத்துவிட்டால், எஞ்சின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒடியும். அதனால் எஞ்சின் பக்கத்தில் நெரியிணைப்பையே வலியுறுத்துகிறேன். இந்தச் சொற்களில் யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

தீராத ஒன்று ‘எர்த்’. ‘நிலக்கம்பி’ என்று குழுவில் ஒருவர் எழுதினார். வீட்டுக்கு அது சரி, அங்கே கம்பி மண்ணுக்குள் போகிறது. கார் ரப்பர் டயரில் நிற்கிறது. மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது, நிலத்துக்குப் போவதே இல்லை. மேலும் சென்சார்களின் எர்த் கம்பியை உடலில் எங்கேயோ முடுக்கக்கூடாது. அது ஈசியுவுக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் போன்றவை இழுக்கும் பெரிய மின்னோட்டம் சென்சாரின் அளவைக் கலைக்கும். ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும். உடலில் முடுக்குவதற்கு ‘உடலிணைப்பு’, ஈசியுவுக்குத் திரும்புவதற்குத் ‘திரும்புகம்பி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் கருத்து வந்தால் நல்லது.