ரைடர் வெயிட் டாரட்: உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

படச் சீட்டுகளை வைத்துக் குறி பார்க்கும் டாரட்டைக் கற்க ஆரம்பிக்கும் பலருக்கும் முதலில் கிடைப்பது ரைடர் வெயிட் சீட்டுக் கட்டுதான். ஆனால் அந்தப் பெயரில் விற்பது ஒரே கட்டு இல்லை. என்னிடம் உள்ள பதிப்புகளைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் இதை வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, 78 சீட்டுகளையும் வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித். அவர் வரைந்த அசல் ஓவியங்கள் கிடைக்கவில்லை. ஆகவே இன்று நாம் வாங்கும் எந்தப் பதிப்பும் ஒரு பழைய அச்சுப் பிரதியிலிருந்து எடுத்ததுதான். எதிலிருந்து எடுத்தார்கள், யார் வண்ணம் தீட்டினார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

மஞ்சள் பெட்டியில் வரும், யூ.எஸ். கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கட்டு 1971இல் வந்த பதிப்பு. நிறங்கள் தட்டையாக, அழுத்தமாக இருக்கும். சீட்டின் ஓரத்தில் காப்புரிமை வரி ஓடும். கற்றுக்கொள்ள இது போதும், தூரத்திலிருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரே அடர்த்தியில் நிறம் நிரம்பியிருப்பதால் முகங்களில் உணர்ச்சி குறைகிறது.

1990இல் மேரி ஹான்சன் ராபர்ட்ஸ் புதிதாக வண்ணம் தீட்டிய யுனிவர்சல் வெயிட் இதற்கு நேர் எதிர். பென்சில் நிழல் போல மென்மை. முகங்கள் கனிவாகிவிட்டன. பலருக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு அந்தக் கனிவு சில சீட்டுகளில் அதிகமாகப்படுகிறது. ஒன்பது வாள் சீட்டைப் பாருங்கள். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆள், பின்னால் முழுக் கறுப்பு. அங்கே மென்மை எதற்கு?

என் மனம் நிற்பது 2009இல், நூறாம் ஆண்டை ஒட்டி வந்த ஸ்மித் வெயிட் பதிப்பில். நிறம் மங்கல், பழைய லித்தோ (கல்லச்சு) அச்சின் புள்ளிகள்கூடத் தெரியும். நிறம் அடங்கினால் கோடு மேலே வருகிறது. அதே ஒன்பது வாளில் போர்வையைப் பாருங்கள்: ஒரு கட்டத்தில் ரோஜா, அடுத்ததில் ராசிக் குறி, இப்படியே மாறி மாறி வரும். கட்டிலின் பக்கப் பலகையில் இருவர் சண்டையிடும் செதுக்கல். இவ்வளவையும் ஸ்மித் ஒரு சின்னச் சீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று அந்த 1909 நவம்பரில் அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய கோட்டை மறைக்காத பதிப்பையே நான் சிபாரிசு செய்வேன்.

•

அக்கா, நல்ல இழை. என் அனுபவம் வேறு மாதிரி. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று ஒரு கட்டு வாங்கினேன். விற்றவர் அசல் என்றுதான் போட்டிருந்தார். வந்தது போலி. கையேட்டுக்குப் பதிலாக க்யூ.ஆர். கோடு, சீட்டும் சிறியது. நீங்கள் சொன்ன போர்வையை இப்போது எடுத்துப் பார்த்தேன். ராசிக் குறிகள் எல்லாம் வெறும் கறைகளாக இருக்கின்றன! பணம் போனதைவிட, கற்றுக்கொண்டிருந்த காலம் முழுக்க பாதிப் படத்தைத்தான் பார்த்தேன் என்பது வருத்தமாக இருக்கிறது. வாங்கப்போகிறவர்கள் அந்த ஒரு சீட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

•

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பழைய பதிப்புகளைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. முதல் அச்சின் பின்பக்கத்தில் ரோஜாவும் லில்லியும் இருக்கும். 1910 முதல் வெடிப்புக் கோடுகள் போன்ற வடிவம் வந்தது. ஆரம்பகால அச்சுகளைச் சேகரிப்பாளர்கள், பமீலாவின் பெயரைச் சுருக்கி, பாம் (Pam) ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். சூரியன் சீட்டில் ரோமன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நெளிகோடு சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. முதலில் தேடுவது அதைத்தான்.

அப்புறம், நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஸ்மித் 1903இல் வரைந்த ‘தி வேவ்’ என்ற நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்தேன். அலைகளே குனிந்து நிற்கும் பெண்களாக இருக்கும். அந்தக் குனிந்த தோள்களைப் பார்த்ததும் ஐந்து கோப்பைச் சீட்டில் கறுப்புப் போர்வையோடு நிற்கும் உருவம்தான் நினைவுக்கு வந்தது. அக்கா சொல்வது சரி, கோடுதான் அவர்.

•

தம்பி, அந்த ஓவியத்தை நான் நேரில் பார்த்ததில்லை, பொறாமையாக இருக்கிறது! போலிக் கட்டு வந்தது என்று எழுதிய தங்கைக்கு: அடுத்தது வாங்கும்போது நூற்றாண்டுப் பதிப்பையே வாங்கும்மா. அதன் தாள் வழவழப்பு எனக்கு அவ்வளவு பிடிக்காது, கலைக்கும்போது வழுக்கும். பரவாயில்லை, படத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ஆல்பனோ வெயிட் என்ற பதிப்பை வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 1968இல் வந்த அந்தப் பளீர் நிறங்களில் ஒன்பது வாள் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை.