பேண்டம் வண்டியின் பின் அச்சு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பி.எஸ்.ஏ. பேண்டம் டி1 மோட்டார் சைக்கிள், தோட்டத்தில் கிராணியாராக (எழுத்தராக) இருந்த என் தந்தையார் ஓட்டிய வண்டி. 1948இல் பர்மிங்காம் தொழிற்சாலை வெளியிடத் தொடங்கிய இந்த 123 சிசி வண்டியின் எஞ்சின், போர் இழப்பீடாகக் கிடைத்த ஜெர்மானிய டிகேடபிள்யூ ஆர்டி125இன் வடிவமைப்பிலிருந்து பிறந்தது. அதை அப்பா வைத்திருந்த நிலையிலேயே ஓட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சென்ற ஆண்டு பின்சக்கர அச்சின் மரை, அதாவது நட்டு ஏறும் திருகு வரி, தேய்ந்துபோனதால் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் பழைய மரையின் மேலேயே 1 மில்லிமீட்டர் இடைவெளியில் மறுபடி வெட்டி, அதற்கேற்ற நட்டு ஒன்றையும் செய்து மாட்டினார்கள். மூன்றாவது வாரம் லிந்தாங் சாலையில் நட்டு நழுவி, சங்கிலியின் இழுப்பில் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு டயர் சட்டத்தில் உரசியது. பின்னால் என் மனைவி அமர்ந்திருந்தார். மெதுவாகப் போனதால் இருவரும் தப்பினோம்; இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது.

ரப்பர் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வீட்டின் பின்புறக் கொட்டகையில் பழைய ஆங்கிலேய லேத் (கடைசல் எந்திரம்) ஒன்றை இன்னும் ஓட்டி வருகிறார். அச்சைப் பார்த்ததும், "முன் அச்சையும் கழற்றிக்கொண்டு வாங்க தம்பி, அதுதான் உண்மையைச் சொல்லும்" என்றார். சேதப்படாத முன் அச்சின் மேல் மரை எண்ணும் தகட்டை வைத்தபோது, ஓர் அங்குலத்துக்கு 26 மரைகள் என்பது தெளிவாயிற்று. அக்காலப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பரவலாக இருந்த சைக்கிள் மரை இதுதான். அதன் இரு சரிவுகளுக்கு இடையிலான கோணமும் மெட்ரிக் மரையைப் போலவே 60 பாகை. 26 மரை என்றால் ஒரு மரைக்கு 0.977 மில்லிமீட்டர் வருவதால், 1 மில்லிமீட்டர் மரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் பத்து மரைகளைக் கடக்கும்போது அது ஏறக்குறைய கால் மில்லிமீட்டராகி, பழைய மரையின் முகடுகளைப் புதிய வெட்டு சீவித் தள்ளிவிடுகிறது. எங்கள் அச்சில் மிஞ்சியிருந்தவை மெல்லிய ஓரங்கள் மட்டுமே.

புதிய அச்சுக்கு ஈப்போவிலிருந்து இஎன்24 எஃகுக் கம்பி வாங்கி வந்தேன். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இந்த எஃகு, பதப்படுத்திய நிலையிலேயே கடையக்கூடியது. சாதாரண மென்எஃகு போதும் என்று சிலர் சொன்னார்கள்; மனிதரைச் சுமக்கும் அச்சில் அந்தச் சிக்கனம் தவறு என்பதே என் உறுதியான கருத்து. பெரியவர் கம்பியின் இரு முனைகளிலும் மையக்குழி இட்டு, இரண்டு மையங்களுக்கிடையே பிடித்துக் கடைந்தார். அப்படிச் செய்தால்தான் இருபக்க மரைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும். அந்த லேத்தில் உளியை நகர்த்தும் நீண்ட திருகான வழித்திருகு அங்குல அளவில் இருந்ததால், பற்சக்கரங்களை மாற்றி 26க்குக் கொண்டுவர முடிந்தது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும், வழித்திருகைக் கவ்விப் பிடிக்கும் அரைநட்டைத் திறக்காமல் எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, உளியை அதே தடத்துக்குத் திருப்பினார். சமையலுக்கு வைத்திருந்த செம்பனை எண்ணெயைத் தூரிகையால் இடைவிடாமல் தடவினார். கடைசி வெட்டுகள் ஒவ்வொன்றும் 0.02 மில்லிமீட்டர்தான்.

அளவு பார்க்க, அப்பாவின் மைலோ டின்னில் கிடந்த அசல் நட்டு ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். நான்கு முறை அது பாதியில் நின்றது. ஐந்தாம் முறை விரலால் சுழற்றியதுமே ஆட்டமில்லாமல் இறுதிவரை ஏறியது. பெரியவர் கைக்கூலி வாங்க மறுத்து, எஞ்சிய கம்பியை மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த டின்னின் மூடியில் "26 மரை, 60 பாகை" என்று என் மகன் பெயின்டால் எழுதினான்.