இரும்பு வேண்டாம் என்றால் மீன் தொட்டியை எதன் மேல் வைப்பது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கப்பிக்காரன், திருவொற்றியூர்

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் என்றாலே சலிப்புதான். எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் வெல்டிங் வைத்த இடத்தில் துரு கிளம்பிவிடும். உப்புக்காற்று ஒருபக்கம், தண்ணீர் மாற்றும்போது சொட்டுவது இன்னொரு பக்கம். அதனால் என் வீட்டில் இப்போது இருப்பது கடப்பா கல் அடுக்கு. சமையலறை அலமாரிக்குப் போடும் அதே கல், ஒன்றரை அங்குலத் தடிமன். கீழே சிமென்ட் பிளாக்.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன், பலரும் இதைக் குறைத்தே நினைக்கிறார்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் 4.5 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 127 லிட்டர், அதாவது 127 கிலோ. 8 மி.மீ. கண்ணாடி சுமார் 28 கிலோ. மணலும் கல்லும் 20 கிலோ. ஆக ஒரு தொட்டியே 175 கிலோ. இந்தச் சுமை விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு எழுந்து போகாது, வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மரம் தொய்ந்து காட்டிக்கொடுக்கும். கல் எதையும் காட்டாது, ஒருநாள் சட்டென்று இரண்டாகும். அதனால் 3 அடிக் கல்லுக்கு இரண்டு முனையோடு நடுவிலும் ஒரு தாங்கல் கட்டாயம். இதில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் பிளாக் தூண் வந்துவிட்டால் கீழ்த்தட்டில் நீளத் தொட்டி நுழையாது. நான் மேலே ஒரு 3 அடித் தொட்டி, கீழே தூணுக்கு இரு பக்கமும் குஞ்சு விடுவதற்குச் சின்னத் தொட்டிகள் என்று பிரித்துக்கொண்டேன். கப்பி மீன் வளர்ப்பவனுக்கு அது வசதியாகவே போயிற்று.

கல் எடுக்கும்போது கொத்தனாரைக் கூட்டிப்போனேன். அவர் ஒவ்வொரு கல்லையும் சுண்டிப் பார்த்தார். கணீரென்றால் எடு, டொக்கென்றால் உள்ளே விரிசல் இருக்கும், வைத்துவிடு என்றார். ஹாலோ பிளாக் வாங்கினால் ஓட்டை மேலும் கீழுமாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். அலங்காரத்துக்காகப் படுக்கப்போட்டு ஓட்டையை முன்பக்கம் காட்டினால் அதன் பலம் பாதிக்குமேல் போய்விடும். தூண் இரண்டு பிளாக் உயரத்தைத் தாண்டினால் சும்மா அடுக்காமல் கலவை வைத்துக் கட்டிவிடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் முக்கியம்.

ஏஞ்சல், கோவை

கடப்பாவுக்கு என் ஓட்டு இல்லை, மாடி வீட்டில் இருக்கிறேன். ஒன்றரை அங்குலக் கல், 3 அடிக்கு ஒன்றேகால் அடி என்றாலே 36 கிலோ வரும், அதற்குமேல் பிளாக்குகள். குடியிருப்பு அறைகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஒரு மூலையில் கொஞ்சம் கூடினால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அறை நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பது நல்லது.

எங்கள் பெரியம்மா வீட்டில் டிவி ஸ்டாண்ட் மேல் 2 அடித் தொட்டி வைத்திருந்தார்கள். கடையில் மரம் என்று சொல்லி விற்றது, உள்ளே இருந்ததோ பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. முதலில் கீழ்க் கதவு சரியாக மூடவில்லை. கீல் லூஸ் என்று நினைத்து ஸ்குரூவை முறுக்கினார்கள். அப்புறம் பார்த்தால் மேல் பலகையின் ஓரம் தண்ணீர் குடித்து பிஸ்கட் போல உப்பியிருந்தது. தொட்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்த பிறகுதான் மீனை பக்கெட்டுக்கு மாற்றினோம்.

புது ஸ்டாண்ட் செய்தது 19 மி.மீ. பிளைவுட்டில். பலகையில் ஐஎஸ் (இந்தியத் தர எண்) 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் தண்ணீரை நன்றாகத் தாங்கும் மரைன் வகை. 303 என்று இருந்தால் அதிலேயே இரண்டு ரகம் உண்டு, எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்குவது) வேண்டாம், பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்குவது) பரவாயில்லை. எது வாங்கினாலும் அறுத்த ஓரம்தான் தண்ணீர் குடிக்கும். ஓரங்களுக்கு பிரைமரும் பெயிண்டும் அடித்த பிறகே பூட்டச் சொன்னேன். ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை, வேலை ஒருநாள் தள்ளிப்போகிறதே!

தடிமனைவிட நீளம்தான் எமன். அடிக்கு இவ்வளவு என்று ஒரே சுமை இருக்கும்போது, தாங்கல் இல்லாத நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்கு ஆகும். அதனால் ஒன்றரை அடிக்கு ஒரு செங்குத்துத் தாங்கு பலகை போட்டோம். முதுகுப் பக்கம் முழுசாக ஒரு பிளை ஷீட் அடித்ததும் பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிட்டது.

புதுசா வந்தவன், மதுரை

டபிள்யூபிசி போர்டில் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) செய்யலாம் என்று இன்டீரியர்காரர் சொல்கிறார். கரையான் வராது, தண்ணீர் ஏறாது, ஆயுசுக்கும் கவலை இல்லை என்கிறார். சரிதானா அண்ணே?

கப்பிக்காரன், திருவொற்றியூர்

கரையானும் தண்ணீரும் அவர் சொன்னது சரி தம்பி. ஆனால் அது நிரந்தரச் சுமைக்குக் கீழே மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கதவு, பக்கப் பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உட்காரும் பலகைக்கு வேண்டாம்.

அயினிமரம், நாகர்கோவில்

எங்கள் பக்கம் அயினி மரம் கிடைக்கும் என்பதால் அதில்தான் செய்தோம். தேக்கு விலைக்கு இது எவ்வளவோ மேல். ஆசாரியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: சட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து ஸ்குரூ அடிக்காதீர்கள், காலின் தலைமேல் உட்கார வையுங்கள். பக்கத்தில் அடித்தால் 175 கிலோவும் அந்த நாலைந்து ஸ்குரூ மேல்தான் தொங்கும். தலைமேல் வைத்தால் எடை நேராகத் தரைக்கு இறங்கிவிடும், ஸ்குரூவுக்கு நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். நல்ல மரம் வாங்கி இதைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டு வைத்திருக்கிறோம். துடைக்கும் தண்ணீர் மரத்தின் அடியில் ஏறாது, கரையான் மண் கட்டினாலும் கண்ணில் படும். இன்னொன்று, ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைக் காலித் தொட்டியோடு நிறுத்தாதீர்கள். பாதி நிரப்பி ஒரு ராத்திரி விட்டு மறுபடியும் பாருங்கள்.

புதுசா வந்தவன், மதுரை

தெர்மாகோல் போட்டால் மட்டம் சரியாகிவிடும் என்று மீன் கடையில் சொன்னார்களே?

ஏஞ்சல், கோவை

சின்ன மேடு பள்ளம், மணல் துணுக்கு இதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும், அரை அங்குல ஷீட் போதும். பலகையே வளைந்திருந்தால் தெர்மாகோலும் அதோடு சேர்ந்து வளையும், கண்ணாடி வளையாது. அப்புறம், ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள் தம்பி. பின்னால் கை நுழையும் அளவு இடம் விடுங்கள், தொட்டியின் பின் விளிம்பில் தொங்கும் ஹாங் ஆன் ஃபில்டர் மாட்ட வேண்டுமே.