ஸ்டில்ட் பார்க்கிங்கும் வீட்டு அறைகளும்: ஜெனரேட்டிவ் டிசைன் தந்த ஆப்ஷன்களில் எதை எடுப்பது?

கேள்வி: கோவை_ஆர்க்கி

வணக்கம். கோவையில் ஒரு அடுக்குமாடி வேலை. கீழே ஸ்டில்ட் பார்க்கிங் (சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கார் தளம்), மேலே நான்கு தளம், தளத்துக்கு மூன்று வீடு. 2.5 x 5 மீட்டர் கார் இடத்துக்கு ஏற்பத் தூண் நிறுத்தினால் மேலே படுக்கையறைக்குள் வந்து நிற்கிறது. சுவரோடு ஒட்டி நிறுத்தினால் கீழே கார் திருப்ப வழியில்லை.

கிராஸ்ஹாப்பர் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் மாடல் செய்து, இலக்குகளைக் கொடுத்தால் ஆப்ஷன்களைத் தானே உருவாக்கித் தரும் வாலசெய் என்ற அதன் ப்ளக்-இன்னில் ஓட்டினேன். இலக்குகள் ஐந்து: கார் எண்ணிக்கை, கான்கிரீட் அளவு, கம்பி எடை, அறைக்குள் துருத்தும் தூண்கள், காற்றோட்டம். ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல முடியாத ஆப்ஷன்கள் ஏராளமாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, முதலில் வருவதை ஓனரிடம் காட்டிவிடலாமா?

பதில்: தூணும்_பீமும்

மார்க் போட்டுக் கூட்டாதீர்கள், ப்ளீஸ். கூட்டிய நொடியிலேயே ஒரு கார் இடத்துக்கு இத்தனை கிலோ கம்பி ஈடு என்று நீங்களே விலை வைத்துவிடுகிறீர்கள். அந்த விலையைச் சொல்ல வேண்டியவர் ஓனர்.

வாலசெய்க்குள் ஓடுவது என்எஸ்ஜிஏ-2 என்ற தேடல் அல்காரிதம். ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப் குழு உருவாக்கி 2002-ல் வெளியிட்ட முறை. இலக்குகளைக் கூட்டாமல் தனித்தனியாக வைத்து ஒப்பிடுவதுதான் அதன் பலம். ஆனால் இரண்டு மூன்று இலக்குகள் வரைதான் அது நன்றாகப் பிரித்துக் காட்டும். ஐந்து கொடுத்தால் ஏதாவது ஒன்றில் கொஞ்சம் நன்றாக இருந்தாலே போதும், அந்த ஆப்ஷனும் பட்டியலில் தங்கிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். கான்கிரீட்டையும் கம்பியையும் சேர்த்து ரூபாயாக்கி ஒரே இலக்காக வையுங்கள். காற்றோட்டத்துக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே போனால் தள்ளிவிடுங்கள்.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயம். உங்கள் பட்டியலில் நிலநடுக்கம் இல்லை. அதை ஆறாவது இலக்காகவும் சேர்க்கக் கூடாது. பேரத்துக்கு வரக்கூடிய விஷயமே இல்லை அது. 2001 பூஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்காகத் திறந்து விட்டவை. 2016 நிலநடுக்க வரைபடப்படி கோவை மூன்றாம் மண்டலம். உங்கள் மாடலில் மேல்தளச் செங்கல் சுவர்களின் விறைப்பைச் சேர்க்காவிட்டால், கீழ்த்தளம் அவற்றைவிட எவ்வளவு விறைப்புக் குறைந்தது என்பது சாஃப்ட்வேருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, ஓட்டும் முன்பே இந்த மூன்றையும் கட்டாய விதியாகப் போடுங்கள்:

பீம் மேல் முளைக்கும் ஃப்ளோட்டிங் காலம் கூடாது. லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி அடித்தளம்வரை இறங்கும் ஷியர் வால் (பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர்) வேண்டும். அது மூலையில் போய் நின்றால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், ஆகவே அதன் இடத்தையும் சாஃப்ட்வேர் மாற்றிப் பார்க்கும்படி விடுங்கள். தூணின் சிறிய பக்கம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்திய விதி ஐஎஸ் 13920 கேட்பது அது. துருத்தும் தூணைக் குறைக்கச் சொன்னால் சாஃப்ட்வேர் நேராக ஒன்பது அங்குலத் தூணைச் சுவருக்குள் ஒளிக்கப் பார்க்கும்.

பதில்: சைட்_எஞ்சினியர்_ஈரோடு

சைட்டில் நிற்பவனாக ஒன்று. கம்பி எடையை மட்டும் குறைக்கச் சொன்னால் பீமுக்கு ஒரு ஆழம், தூணுக்கு ஒரு அளவு என்று வரும். கம்பியில் மிச்சம் பிடித்தது சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்ற அச்சு அமைக்கும் வேலை) கூலியில் போய்விடும். கம்பி கட்டுபவர் ஒவ்வொரு பீமுக்கும் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். பீமுக்கு இரண்டு அளவு, தூணுக்கு இரண்டு அளவு என்று முதலிலேயே கட்டுப்படுத்திவிடுங்கள்.

கோவை_ஆர்க்கி

நன்றி சார். அப்படியானால் மிஞ்சுவது செலவு, கார், துருத்தும் தூண், இந்த மூன்று. ஓனரிடம் எத்தனை ஆப்ஷன் கொண்டுபோவது?

தூணும்_பீமும்

மூன்று நான்கு போதும். செலவு மிகக் குறைந்தது ஒன்று, கார் அதிகம் நிற்பது ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு. ஆனால் அதற்கு முன்பே ஓனரிடம் பேசுங்கள். டொராண்டோவில் ஆட்டோடெஸ்க் தன் அலுவலகத்தை இந்த முறையில் அமைத்தபோது முதலில் ஊழியர்களிடம் விருப்பத்தைக் கேட்டுத்தான் ஆறு இலக்குகளை வகுத்தார்கள். பத்தாயிரம் ஆப்ஷன் அளவில் அலசியது அதற்குப் பிறகு.

அப்புறம் கார் இடத்தைத் தூணின் மையத்திலிருந்து அளக்காமல் முகத்திலிருந்து முகத்துக்கு அளக்கச் சொல்லுங்கள். 300 மி.மீ. தூண்களுக்கு நடுவே இரண்டு கார் என்றால் மையத்துக்கு மையம் 5.3 மீட்டர், மூன்று கார் என்றால் 7.8. ஸ்பான் (தூணுக்குத் தூண் இடைவெளி) 7.8 ஆனால் பீம் ஆழம் சுமார் 600 மி.மீ. ஆகிவிடும், ஸ்டில்ட்டின் தலை உயரம் அதற்கேற்பக் குறையும். ஓனரிடம் பேச வேண்டிய உண்மையான பேரம் இங்கேதான் இருக்கிறது.

புதிதாக ஓட்டியபின் ஷியர் வால் வரும் இடத்தோடு பிளானை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.